இறக்கி வைக்கும் வேளை



அண்மையில் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் பூசை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். கடையநல்லூரில் அவரை அறியாதவர் குறைவு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசுப் பேருந்து ஓட்டியவர். அதிலும் பெரும்பகுதி, செங்கோட்டை வழியாகப் புளியரை ஏறி, ஆரியங்காவு கடந்து கேரளத்தில் இறங்கும் மலைச்சாலையில் ஓட்டியவர். 2025 மே மாதம் அறுபது வயது நிறைந்து ஓய்வு பெற்றார். உடன் பணியாற்றியவர்கள் மாலை அணிவித்து, வீடு வரை அழைத்து வந்து விட்டுச் சென்றார்கள்.

அவர் சட்டைப் பையிலிருந்து, மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். ஏர் இந்தியா நிறுவனம் தன் விமானிகளின் ஓய்வு வயதை 58இலிருந்து 65ஆக உயர்த்துகிறது என்னும் 2025 ஆகஸ்டு மாதச் செய்தி அது.

“சாமி, ஆகாயத்தில் முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர் அறுபத்தைந்து வரை ஓட்டலாமாம். தரையில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போன நான் மட்டும் அறுபதில் கிழவனாகிவிட்டேனா? என் கண்ணுக்கு என்ன குறை? கைக்கு என்ன குறை?” என்று கேட்டார்.

அக்கேள்வியில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. “அடுத்த ஞாயிறு வாருங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்” என்று அனுப்பி வைத்தேன். படித்தவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்வது முறை என்று எண்ணுகிறேன். வளைகுடா நாடுகளில் பிழைக்கும் பிள்ளைகளை உடைய குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் செபமாலை சொல்லி வரும் தாய்மார்களை நான் அறிவேன். அவ்விமானத்தை ஓட்டுபவருக்கு எத்தனை வயது என்பது அவர்களுக்கு அயலார் கதை ஆகுமா?

முதலில், இந்த வயது வரம்பு எங்ஙனம் தோன்றியது என்று பார்ப்போம்.

1959ஆம் ஆண்டின் இறுதியில், அறுபது வயது நிறைந்தவர் பயணிகள் விமானத்தை ஓட்டலாகாது என்று அமெரிக்க அரசின் விமானத் துறை விதி வகுத்தது. 1960 மார்ச் 15ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. வயது ஏற ஏற மாரடைப்புப் போன்றவை திடீரெனத் தாக்கும் வாய்ப்பு மிகுகிறது. யாரை, எப்போது தாக்கும் என்று முன்னறிந்து சொல்ல மருத்துவத்தால் இயலாது. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோடு கிழிப்பதே வழி என்பது சொல்லப்பட்ட காரணம்.

சொல்லப்படாத காரணமும் ஒன்று இருந்தது. அந்நாளில் விமான நிறுவனங்கள் பழைய விமானங்களை விடுத்து ஜெட் விமானங்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. மூத்த விமானிகளுக்குச் சம்பளம் அதிகம். அவர்களுக்குப் புதிதாகப் பயிற்சி அளிப்பதோ செலவு மிக்க வேலை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் தலைவர் சி. ஆர். ஸ்மித், தம் நிறுவனத்தில் அறுபதில் ஓய்வு என்பதை நிலைநாட்ட உதவுமாறு, விமானத் துறைத் தலைவரான எல்வுட் கெசாடாவுக்கு 1959இல் கடிதம் எழுதினார். விதி வந்தது. கெசாடா பதவியை விட்டு இறங்கியபின் அதே நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் பெற்றார். விதியின் முகம் மருத்துவமாக இருந்தது. முதுகுப்புறத்தில் வாணிபமும் நின்றது.

இக்கோடு பின்னர் நகர்ந்தது. உலக நாடுகளின் விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் ஐக்கிய நாடுகள் அமைப்பு ஒன்று கனடாவின் மொன்றியால் நகரில் உள்ளது. 2006 நவம்பரில் அது வரம்பை 65ஆக உயர்த்தியது. ஆயின், விமானி அறையில் இருப்பவர்களுள் ஒருவர் அறுபதைக் கடந்தவராயின், மற்றவர் அறுபதுக்கு உட்பட்டவராக இருத்தல் வேண்டும் என்றது. 2007 டிசம்பரில் அமெரிக்காவும் 65ஐ ஏற்றது. 2014 நவம்பரில் அந்த இணை நிபந்தனையும் நீக்கப்பட்டது. ஜப்பான் 2015இல் தன் விமானிகளுக்கு வரம்பை 67ஆக உயர்த்தியது. ஆஸ்திரேலியாவில் உள்நாட்டுப் பயணங்களுக்கு வரம்பே இல்லை. இந்தியச் சட்டம் 65 வரை அனுமதிக்கிறது. ஏர் இந்தியாவின் 58 என்பது அந்நிறுவனம் தானே வகுத்துக்கொண்ட விதி. அதைத்தான் அது 2025இல் மாற்றியது.

அதே 2025ஆம் ஆண்டில், உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பாகிய அயாட்டா, வரம்பை 67ஆக உயர்த்துமாறு மொன்றியால் பேரவையில் விண்ணப்பித்தது. மக்கள் நீண்ட காலம் நலமுடன் வாழ்கிறார்கள், விமானிகளுக்குத் தட்டுப்பாடு உள்ளது, இருவருள் ஒருவர் 65க்கு உட்பட்டவராக இருந்தால் போதும் என்பன அதன் வாதங்கள். பேரவை அதனை ஏற்கவில்லை. விமானிகளின் சங்கங்களே எதிர்த்து நின்றன.

வாசகர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆள் மிகுந்த காலத்தில், “அறுபதில் போகட்டும்” என்றார்கள். ஆள் குறைந்த காலத்தில், “அறுபத்தேழு வரை இருக்கட்டும்” என்கிறார்கள். மனிதனின் இதயம் இந்த அறுபத்தைந்து ஆண்டுகளில் அத்தனை மாறிவிட்டதா? மருத்துவம் வளர்ந்துள்ளது என்பது உண்மையே. எனினும், தேவைக்கு ஏற்ப நீட்டவும் குறுக்கவும் மனித வயது என்ன வண்டிக் கயிறா? அவ்வாறே சங்கங்கள் எதிர்ப்பதிலும் பாதுகாப்பு பற்றிய கவலை மட்டுமே உள்ளது என்று கூறிவிட முடியாது. மூத்தவர் இறங்கினால்தான் இளையவர் தலைமை இருக்கைக்கு ஏற முடியும். எல்லாத் தரப்பிலும் நியாயம் உண்டு. எல்லாத் தரப்பிலும் ஆதாயமும் உண்டு.

அனுபவத்தின் பக்கம் நின்று பேசுவோர்க்கு வலுவான சான்றுகள் உள்ளன. 1989 பிப்ரவரி 24ஆம் நாள், ஹொனலுலுவிலிருந்து புறப்பட்ட யுனைடெட் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஒன்று கடலுக்கு மேல் பறக்கையில், அதன் சரக்கு அறைக் கதவு பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒன்பது பயணிகள் வெளியே இழுக்கப்பட்டு மாண்டனர். வலப்பக்கத்து எஞ்சின்கள் இரண்டும் செயலிழந்தன. அந்நிலையில் விமானத்தைத் திருப்பி, மீதமிருந்த அனைவரையும் உயிருடன் தரையிறக்கியவர் டேவிட் குரோனின். அவருக்கு வயது 59. கட்டாய ஓய்வின் வாயிற்படியில் நின்றவர். 2009 ஜனவரி 15ஆம் நாள், பறவைகள் மோதி இரு எஞ்சின்களும் நின்றுபோன விமானத்தை நியூயார்க் நகரத்து ஹட்சன் ஆற்றின்மீது இறக்கி, 155 பேரையும் காத்த செஸ்லி சல்லன்பெர்கருக்கு அன்று 58 நிறைய எட்டு நாட்களே இருந்தன. ஏர் இந்தியாவின் பழைய விதி அவருக்குப் பொருந்தியிருந்தால், அடுத்த மாதம் அவர் வீட்டில் இருந்திருப்பார்!

மறுபக்கத்தின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. குரோனினோ சல்லன்பெர்கரோ தனி ஒருவராக அச்செயலைச் செய்யவில்லை. பக்கத்து இருக்கையில் பயிற்சி மிக்க துணைவர் இருந்தார். மேலும், இவர்கள் இருவரும் வரம்புக்கு உட்பட்டே பறந்தவர்கள். உறக்கம் கெட்டு, பகல் இரவு மாறி, நாடு விட்டு நாடு பறக்கும் வேலை உடலை மெல்ல அரிக்கிறது. ஆண்டுக்கு இருமுறை சிமுலேட்டர் என்னும் பாவனைக் கூண்டில் விமானியைச் சோதிக்கிறார்கள். அறுபதைக் கடந்தவர்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. ஆயினும், இன்று காலை நன்றாக இருந்த இதயம் இன்று இரவு எப்படி இருக்கும் என்று எந்தக் கருவி சொல்லும்?

அப்படியானால் வயது வரம்புகள் எல்லாம் நீதியானவையா? அல்ல. அதற்கும் விமானத் துறையிலிருந்தே ஒரு சான்று தருகிறேன்.

ஒரு காலத்தில் ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்று விதி இருந்தது. பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்துகொண்டால் அப்போதே வேலை போய்விடும். முதல் முறை கருவுற்றாலும் வேலை போய்விடும். 35க்கு மேல் 45 வரை நீட்டிப்பு அளிப்பது மேலாண்மை இயக்குநரின் விருப்பத்தைப் பொறுத்தது. இதனை எதிர்த்து நெர்கேஷ் மீர்சா என்பவரும் அவருடைய தோழியரும் தொடுத்த வழக்கில், 1981 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவுற்றால் வேலை நீக்கம் என்பதையும், இயக்குநரின் கட்டற்ற அதிகாரத்தையும் அது செல்லாது என்றது. மணம் பற்றிய நான்காண்டுத் தடையை மட்டும் அன்று விட்டுவைத்தது. 35 வயதுப் பெண் ஒருத்தி பயணிக்கு நீர் கொடுத்தால் விமானத்துக்கு என்ன ஆபத்து? அவ்விதி காத்தது யாருடைய உயிரை? அது கணக்கில் எடுத்தது முகப்பொலிவை. தாய்மையைக் குற்றமாக்கிய விதியை நம் கத்தோலிக்க மனச்சான்று எங்ஙனம் பொறுக்கும்?

அத்தீர்ப்பு வெளிவந்த பதினேழாம் நாள், 1981 செப்டம்பர் 14ஆம் நாள், பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிய தமது சுற்றுமடலை வெளியிட்டார். உழைப்பைச் சரக்காகவும் உழைப்பாளியைக் கருவியாகவும் எண்ணுவது தவறு, உழைக்கும் மனிதனே உழைப்பின் மையம் என்பது அம்மடலின் அடிப்படைப் போதனை. முதுமைக் காலப் பாதுகாப்பையும் ஓய்வூதியத்தையும் அது தொழிலாளரின் உரிமைகளுள் வைத்து எண்ணுகிறது. நிறுவனத்தார் இளமையை வாங்கிக்கொண்டு முதுமையைத் தெருவில் விட்டால், அது திருச்சபையின் கண்ணுக்கு அநீதியே.

ஆகவே, கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பதற்கு முன்னர், எதற்காகக் கிழிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். இதனை விளக்க இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

1932 அக்டோபர் 15ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா ஒரு சிறு விமானத்தில் தபால் பைகளுடன் கராச்சியிலிருந்து பம்பாய் வரை பறந்தார். அங்கிருந்து அத்தபாலை நெவில் வின்சென்ட் என்னும் விமானி பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டு வந்தார். டாட்டாவின் விமானத் தபால் சேவை அவ்வாறு பிறந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1982ஆம் ஆண்டு அதே அக்டோபரில், டாட்டா மீண்டும் ஒரு சிறு பழைய விமானத்தில் ஏறி, கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியாக ஓட்டி வந்தார். அப்போது அவருக்கு வயது 78!

எழுபத்தெட்டு வயதுக் கிழவரை யாரும் தடுக்கவில்லை. ஏன்? அவருக்குப் பின்னால் பயணிகள் யாரும் அமர்ந்திருக்கவில்லை. கூலி வாங்கிக்கொண்டு பிறர் உயிரைச் சுமக்கும்போதுதான் சட்டம் குறுக்கே வருகிறது. முதியவன் பறக்கலாகாது என்று சட்டம் சொல்லவில்லை. உன்னைச் சோதித்தறிய வழியில்லாத முந்நூறு பேர், கண்ணை மூடிக்கொண்டு உன்னிடம் தங்களை ஒப்படைத்திருக்கிறார்கள்; அந்தச் சுமையை ஒரு நாள் இறக்கி வை என்றே சொல்கிறது.

இத்தகைய விதி வேதாகமத்திலேயே உண்டு என்றால் உங்களில் சிலர் வியப்படையலாம். எண்ணாகமம் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டவரின் கூடாரத்தில் பணி செய்த லேவியர்க்கு இருபத்தைந்து வயதில் பணி தொடங்கியது, ஐம்பதில் முடிந்தது. பாலைநிலத்தில் கூடாரத்தின் சட்டங்களையும் திரைகளையும் சுமந்து நடப்பது இளைப்பான வேலை அல்லவா? ஆனால், ஐம்பதைக் கடந்தவனை வீட்டுக்கு ஓட்டிவிடுமாறு அந்நூல் கூறவில்லை. அவன் தன் சகோதரரோடு இருந்து, அவர்களுக்குத் துணை செய்யலாம். பளுவான வேலையை மட்டும் செய்யலாகாது என்கிறது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. தாவீது அரசர் காலத்தில், கடவுளின் உறைவிடம் யெருசலேமில் நிலைபெற்றுவிட்டது. கூடாரத்தைத் தோளில் சுமக்கும் தேவை நீங்கியது. ஆகவே லேவியர் பணியில் சேரும் வயது இருபதாகக் குறைக்கப்பட்டது என்று முதல் நாளாகமம் இருபத்துமூன்றாம் அதிகாரம் உரைக்கிறது. சுமை மாறியது, அதற்கேற்ப வயதும் மாறியது. விமானிகள் பற்றிய வழக்கிலும் எனக்கு நேர்மையாகத் தோன்றும் அளவுகோல் இதுவே. விமானம் மாறியிருந்தால், மருத்துவம் மாறியிருந்தால், சுமையே இலகுவாகியிருந்தால், அதனைச் சோதித்து மெய்ப்பித்துவிட்டு வயதை உயர்த்தட்டும். ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக உயர்த்தலாகாது. ஆள் மலிந்துவிட்டது என்பதற்காகக் குறைக்கவும் கூடாது.

திருச்சபை ஊருக்கு மட்டும் உபதேசம் செய்யவில்லை. ஆயர்களும் பங்குத்தந்தையரும் 75 வயதில் தாமாகவே பதவி விலக முன்வருமாறு 1966இல் கேட்டுக்கொண்டவர் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பிலும் அது இடம்பெற்றது. 80 வயது நிறைந்த கர்தினால்மார் பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கும் சபையில் வாக்களிக்கலாகாது என்று 1970இல் ஆணையிட்டவரும் அவரே. அதனால் மனம் புண்பட்ட முதிய கர்தினால்மார் இருந்தனர். பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட், தம் 85ஆம் வயதில், எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே, தம் வலிமை குன்றியதைத் தாமே உணர்ந்து, 2013 பிப்ரவரியில் பதவி துறந்தார். பாப்பரசர் பிரான்சிஸ் இப்பொருள் பற்றி 2018இல் வெளியிட்ட ஆணைமடலுக்கு, ‘விடைபெறக் கற்றுக்கொள்ளுதல்’ என்று பொருள்படும் தலைப்பை இட்டார். விடைபெறுவது தானாக வருவதன்று. கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு பாடம் என்பதை அத்தலைப்பே உணர்த்துகிறது. எழுபத்தைந்துக்கு இன்னும் ஆண்டுகள் உள்ள நானும் அந்தப் பள்ளியின் மாணவனே. என் பீடத்தில் இன்னொரு குரு நின்று, என் மக்கள் அவரிடம் செல்வதைக் காண எனக்கு மனம் வருமா என்று சில இரவுகளில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். விடை இன்னும் தெளிவாகவில்லை.

மறு ஞாயிறு நம் ஓட்டுநர் வந்தார். இவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். அவருக்கு ஒரு செய்தியையும் நினைவூட்டினேன். தமிழ்நாட்டில் ஓய்வு வயது முன்னர் 58. கொரோனா நெருக்கடியின் நடுவில், 2020 மே மாதம் 59ஆகவும், 2021 பிப்ரவரியில் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. அரசு நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் அது பொருந்தியது. ஆகவே, அவரும் கோடு நகர்ந்ததால் இரண்டு ஆண்டுகள் கூடுதலாகப் பெற்றவரே. வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள் அப்போது நெஞ்சு குமைந்ததை அவர் அறியாதவர் அல்லர்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சாமி, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வுக்கு நான்கைந்து மாதம் முன்பு, ஓர் இரவு புளியரைக்கு மேலே வளைவில் திரும்பினேன். எதிரே ஒரு லாரி. அதன் விளக்கு என் கண்ணில் பட்டது. அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று ஒரு கணம் எனக்குப் பிடிபடவில்லை. வண்டியை ஒடித்து நிறுத்திவிட்டேன். பயணிகள் எல்லாம் தூக்கம். நடத்துநர் தம்பி மட்டும் என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.”

“மேலதிகாரியிடம் சொன்னீர்களா?” என்று கேட்டேன்.

“எப்படிச் சொல்வேன், சாமி? இளைய மகள் கல்யாணக் கடன் இருந்தது. சொன்னால் வண்டியை வாங்கிக்கொள்வார்கள். மே மாதம் வந்தபோது, அழுகையும் வந்தது. ‘அப்பாடா’ என்றும் இருந்தது.”

இதனை எழுத அவரிடம் அனுமதி பெற்றுக்கொண்டேன். “எழுதுங்கள், என் பேரைப் போடாதீர்கள்” என்றார்.

வாசகர்களே, நான் படித்த வாதங்கள் அனைத்தையும்விட இவருடைய இந்தச் சொற்களே எனக்குத் தெளிவைத் தந்தன. வயது வரம்பு திறமை உள்ளவனுக்கு அநீதி செய்கிறது என்று நாம் வாதிடுகிறோம். அதில் உண்மை உண்டு. ஆயின், அது இன்னொருவனுக்கு இரக்கமும் செய்கிறது. தன் கண் மங்கியதைத் தானே அறிந்தும், வீட்டுக் கடனை எண்ணி வாய் திறக்க அஞ்சும் மனிதனுக்கு, “நீ உன் குறையை யாரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டாம், நாட்காட்டி உன் சார்பில் பேசும், மாலையுடன் இறங்கி வா” என்று அது சொல்கிறது. கோடு இல்லாவிடில், ஒவ்வொரு முதியவனும் தான் இன்னும் இயலாதவனாகவில்லை என்று நாள்தோறும் மெய்ப்பிக்க வேண்டிவரும். ஒரு நாள் மெய்ப்பிக்க இயலாமல் அவமானத்துடன் இறங்க நேரும். அந்த ஒரு நாள் பேருந்திலோ விமானத்திலோ மக்கள் அமர்ந்திருக்கும்போது வந்தால் என்ன ஆகும்?

மோயீசன் நூற்றிருபது வயதில் இறக்கும்போதும் அவருடைய கண்பார்வை மங்கவில்லை, வலிமை குன்றவில்லை என்று உபாகமம் சான்று பகர்கிறது. ஆயினும் அதற்கு முன்னரே, மக்கள் அனைவரும் காண, ஜோசுவாவின்மீது கைகளை விரித்துப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். கண் மங்கும்வரை காத்திராமல் கைமாற்றியதே அவருடைய பெருமை.

ஆனால் ஒரு பக்கத்துக் கடமையை மட்டும் சொல்லி முடித்தால் நான் நேர்மையற்றவன் ஆவேன். இறங்கு என்று சொல்லும் சமுதாயம், இறங்கியவன் அமர ஒரு திண்ணையைக் காட்ட வேண்டும். ஓய்வு பெற்ற விமானிகளுள் பலர் பாவனைக் கூண்டில் இளையோர்க்கு ஆசிரியராகிறார்கள். ஐம்பதைக் கடந்த லேவியன் சகோதரரோடு கூடாரத்தில் இருந்தது போன்றது அது. நம் வீடுகளில் அப்படி நடக்கிறதா? சம்பளக் கவர் நின்ற மறுமாதமே தந்தையின் சொல்லுக்கு மதிப்புக் குறைகிறது. “அப்பா, உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இருங்கள்” என்னும் சொல் எத்தனை வீடுகளில் ஒலிக்கிறது! கட்டாய ஓய்வைவிடக் கொடியது அந்தச் ‘சும்மா இருங்கள்’. அதேபோல், எழுபது வயதிலும் கொத்துச் சாவியை மடியில் முடிந்துகொண்டு, மருமகளை அடுக்களையில் விருந்தாளியாக வைத்திருக்கும் தாய்மாரும் நம்மிடையே உண்டு. இருசாராரும் எண்ணாகமத்தின் அந்த அதிகாரத்தை ஒருமுறை படிப்பது நல்லது.

இன்னும் ஒன்று. நம் பக்கத்தில் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் பாட்டிமாருக்கும், தறிக்குழியில் கால் தொங்கவிட்டிருக்கும் முதிய நெசவாளருக்கும் ஓய்வு வயதே கிடையாது. கை ஓயும் நாளே அவர்கள் ஓய்வு நாள். 65ஆ, 67ஆ என்று உலகப் பேரவைகள் வாதிடுகையில், ‘ஓய்வு’ என்னும் சொல்லையே தம் வாழ்வில் அறியாத இவர்களையும் நாம் மறந்துவிடலாகாது. நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார், இவ்வாண்டு இத்தகைய முதியோர் எத்தனை பேர் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டறிய இசைந்திருக்கிறார்கள்.

ஓட்டுநரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். நம் பங்கில் இரண்டு இளைஞர்கள் புதிதாகக் கனரக வாகன உரிமம் பெற்று, வேன் ஓட்டுகிறார்கள். சமவெளியில் பழகியவர்கள், மலைச்சாலையை அறியாதவர்கள். “அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, புளியரை வரை நான்கு நாள் போய்வர முடியுமா?” என்று கேட்டேன்.

“ஸ்டியரிங் நான் பிடிக்க வேண்டாம் அல்லவா?” என்றார்.

“வேண்டாம். வளைவு வருமுன் சொன்னால் போதும்.”

சிரித்துக்கொண்டே எழுந்தார். பத்திரிகைத் துண்டைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதினேன்.

அன்பர்களே, இம்மாதம் உங்கள் வீட்டில் ஓய்வு பெற்றவர் ஒருவர் இருப்பின், அவரிடம் ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்குமாறு கேளுங்கள். ஓய்வை நெருங்குகிறவர் ஒருவர் இருப்பின், அவர் வாய் திறந்து சொல்ல அஞ்சுவது எதையும் அச்சமின்றிச் சொல்ல இடம் கொடுங்கள். சுமையைத் தந்த இறைவனே அதை இறக்கி வைக்கும் வேளையையும் நமக்கு உணர்த்துவாராக.